வெளியேறுவது அறமா?

நியாயம் இல்லாத ஓரிடத்தில் இருந்துகொண்டே போராடுவது மேலா, அதை விட்டு வெளியேறிவிடுவது மேலா? கூட்டுக் குடும்பங்கள் உடைந்த காலத்தில் வீட்டுக்கு வீடு கேட்கப்பட்ட கேள்வி இது. சங்கங்களும் கட்சிகளும் பிளந்தபோதெல்லாம் இதே கேள்விதான் எழுந்தது. இப்போது செல்போனுக்குள் கூடி வாழும் கூட்டங்களையும் அது விடவில்லை.

கோடிக்கணக்கான ஜனங்கள் பேசிக்கொள்ளும் பெரிய சமூகத் தளங்கள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு கம்பெனியின் சொத்து. பேசுவது நாம், யார் பேச்சு யார் கண்ணில் படவேண்டும் என்று தீர்மானிப்பது அவர்கள். 2019 அக்டோபரில் சஞ்சய் ஹெக்டே என்ற உச்ச நீதிமன்ற வழக்கறிஞரின் கணக்கை ட்விட்டர் முடக்கியது. நாஜிக் கூட்டத்தில் எல்லோரும் கை நீட்டி வணங்கும்போது ஒருவன் மட்டும் கைகட்டி நிற்கும் பழைய புகைப்படம் ஒன்றை அவர் வைத்திருந்தார். அதுவே குற்றமாகிவிட்டது. அடுத்த மாதத்தில் நம் நாட்டவர் பலர் அங்கிருந்து கிளம்பி, மாஸ்டடான் என்ற இடத்தில் கணக்குத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரையே விலைக்கு வாங்கியபோது, உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் அதே திசையில் நடந்தார்கள்.

மாஸ்டடானை 2016-ல் ஆரம்பித்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த ஆய்கன் ரோஷ்கோ என்ற இளைஞர். அதற்கு ஒற்றை முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒரு சர்வரை அமர்த்திக்கொண்டு, தம் கூட்டத்துக்கென்று சிறு தளம் ஒன்றை நடத்தலாம். ஒரு தளத்தில் இருப்பவர் இன்னொரு தளத்தில் இருப்பவருடன் பேசவும் முடியும். கடலூரில் தபால் பெட்டியில் போட்ட கடிதம் கொழும்புக்குப் போய்ச் சேரவில்லையா? இரண்டு ஊர்த் தபால் இலாகாக்களுக்கும் எஜமானர் ஒருவரல்லர். நடுவே ஒரு பொது ஏற்பாடு இருக்கிறது. அவ்வளவுதான் இதன் சூட்சுமம்.

எங்களுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. கடலூரிலும் சிதம்பரத்திலும் உள்ள கதைப் பிரியர்கள் சிலர் சேர்ந்து, ஒரு பெரிய தளத்தில் பல வருஷங்களாகப் புத்தகங்களைப் பற்றிப் பேசி வந்தோம். ஒருநாள் காரணம் சொல்லாமல் எங்கள் பக்கம் முடக்கப்பட்டது. பத்து நாள் கழித்து, அதற்கும் காரணம் சொல்லாமல், திறந்துவிடப்பட்டது. இனி அங்கே இருப்பது மானக்கேடு என்றார்கள் இளைஞர்கள். சிதம்பரத்து எஞ்சினீயர் ஒருவர் சிறு தளம் ஒன்றை அமைத்தும் கொடுத்தார். பாதிப் பேர் கிளம்பினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் மட்டும் தயங்கினார்.

“நீங்க எல்லாரும் போங்க தம்பி, நான் வேணாங்கலை. என் பேத்தி துபாய்ல இருக்கா. அவ போட்டோ எல்லாம் இங்கதான் வருது. நான் எந்த வீட்டுக்குன்னு போறது?”

அவருக்கு என்ன பதில் சொல்வது? வெளியேறுகிறவர்களுக்கு வழியெல்லாம் பாராட்டு. தங்கிவிடுகிறவர்களுக்குக் கோழை என்ற பட்டம். ஆனால் ஒருவர் ஓரிடத்தில் தங்குவது அந்த இடத்தின் முதலாளிமேல் வைத்த பிரியத்தினாலா? தம் மனிதர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதனால் அல்லவா?

இதை யோசிக்கும்போதெல்லாம் எங்கள் ஜில்லாவிலேயே இருக்கும் வடலூர் என் நினைவுக்கு வருகிறது.

இராமலிங்க அடிகள் சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்தவர். சென்னையில் வளர்ந்து, நகர வாழ்வு பிடிக்காமல் இந்தப் பக்கம் திரும்பி வந்தவர். கருங்குழியில் தங்கிக்கொண்டு, நடராஜரைத் தரிசிக்கச் சிதம்பரத்துக்கு அடிக்கடி போய் வந்தவர். அந்தச் சந்நிதிமேல் உயிரையே வைத்திருந்தவர், பின்னால் தாமே ஒரு சபையை எழுப்பினார். சாதியும் சமயமும் பாராத வழிபாடு. அங்கே ஒளியே தெய்வம். வெளியேறியவர் என்றுதான் அவரையும் சொல்லவேண்டும். ஆனால் அவர் வெளியேறிய விதத்தைப் பாருங்கள்.

வடலூர்ச் சத்திய ஞான சபை திறக்கப்பட்டது 1872 ஜனவரி 25-ல். அதற்கு ஏறக்குறைய ஐந்து வருஷங்களுக்கு முன்பே, 1867 மே 23-ல், தரும சாலை தொடங்கிவிட்டது. ஊரார் மனமுவந்து தந்த நிலத்தில், முதலில் அடுப்பு, பிறகுதான் கோயில். அன்று மூட்டிய அந்த அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சபைக்குள் நுழையச் சட்டம் உண்டு: கொலையும் புலாலும் தவிர்த்தவர்களே உள்ளே வரலாம். சோற்றுக்கோ அந்தச் சட்டம் கிடையாது. பசித்து வந்தவன் யாராக இருந்தாலும் இலை போடவேண்டும். கொள்கைக்கு வாசல் வைத்தார், கருணைக்கு வைக்கவில்லை.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சிதம்பரத்தை அவர் பழிக்கவில்லை. அதைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும், வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் அழைத்தார். விட்டு வந்த வீட்டின் பெயரையே புது வீட்டுக்கும் சூட்டுவதற்குப் பெரிய மனசு வேண்டும். அப்படியும் சச்சரவு அவரை விடவில்லை. அவருடைய பாடல்கள் அருட்பாவா மருட்பாவா என்று துண்டுப் பிரசுரங்கள் பறந்தன. ஆறுமுக நாவலர் தொடுத்த வழக்கு 1869-ல் மஞ்சக்குப்பம் கோர்ட்டு வரை வந்தது. இடம் மாறினால் சண்டை ஓய்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதை மறக்கக்கூடாது.

முதலாளி இல்லாத இடம் என்றாலே நியாயமான இடம் என்று எண்ணுவதும் பேதைமை. சிதம்பரம் கோயிலை நிர்வகிக்கும் பொது தீட்சிதர்களுக்குள் தனித் தலைவன் கிடையாது. மணமான தீட்சிதர் ஒவ்வொருவருக்கும் சம உரிமை. பூஜை முறை வைத்து நடக்கிறது. அந்த நிர்வாக உரிமையை 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஆனால் கனகசபைமேல் ஏறிப் பக்தர்கள் தரிசிக்கலாமா என்பதற்கு 2022-ல் அரசாங்கம் ஓர் உத்தரவு போடவேண்டியிருந்தது. அதன்பின்னும் தகராறு ஓயவில்லை. உள்ளே இருப்பவர்களுக்குள் சமத்துவம் என்பது வேறு. வெளியே நிற்பவனுக்கும் சமத்துவம் என்பது வேறு. சின்னத் தளங்களை நடத்தும் நண்பர்கள் இதைத் தங்களையே கேட்டுக்கொள்வது நல்லது.

வெளியே நிற்பவனைப் பற்றிப் பேசும்போது சுவாமி சகஜானந்தரைச் சொல்லாமல் இருக்க முடியாது. அவர் 1916-ல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு மற்ற கதவுகள் மூடிக் கிடந்ததால் எழுந்த பள்ளி அது. கோபித்துக்கொண்டு வெளியே வருகிறவனுக்கு, முன்பு உள்ளே ஓர் ஆசனம் இருந்தது. உள்ளேயே விடப்படாதவன் தனக்கென்று கூரை போட்டுக்கொள்வது ரோஷத்தினால் அல்ல, வேறு வழியில்லாததனால். இரண்டையும் ஒரே தராசில் நிறுக்கக்கூடாது. பெரிய தளத்தில்தான் தங்கள் குரல் முதன்முதலாக நாலு பேர் காதில் விழுந்தது என்று சொல்கிறவர்கள் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்களைப் பார்த்து, ‘அந்த இடம் கெட்டது, கிளம்பு’ என்று சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா?

அப்படியானால் வெளியேறவே கூடாதா? அப்படி நான் சொல்லவில்லை. காரணம் சொல்லாமல் வாயை மூடும் ஒருவன் தயவில் பேசிக்கொண்டிருப்பது மனிதனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிய வைக்கும். எதைச் சொன்னால் கதவு சாத்தப்படுமோ என்று அஞ்சி, சொல்ல நினைத்ததை முழுங்கப் பழகிவிடுகிறோம். அந்தப் பழக்கத்துக்கு அடிமையாவதைவிடக் கிளம்பிவிடுவது நல்லதுதான். ஆனால் இன்னொரு முதலாளி வீட்டுக்குப் போவதில் பிரயோஜனம் இல்லை. ட்விட்டரோடு மனஸ்தாபப்பட்ட பலர் நம் நாட்டிலேயே 2020-ல் தொடங்கிய கூ என்ற தளத்துக்குப் போனார்கள். 2024 ஜூலையில் அதுவே மூடப்பட்டது.

சொந்த வீடு என்றால் சொந்தச் செலவு. மாஸ்டடானில் டெக்னாலஜி என்ற பெயருடன் நடந்த தளம் ஒன்று 2022 கடைசியில் மூடப்பட்டது. அதை நடத்தி வந்தவருக்குக் குடும்பத்தாரைக் கவனிக்கவேண்டிய நிலை வந்ததே காரணம். அவர்மேல் என்ன குற்றம்? ஆயிரக்கணக்கானவர்கள் தங்கியிருந்த வீட்டின் பாரம் ஒருவர் தோளில் இருந்தது. பெரிய கம்பெனியின் அதிகாரத்தை வெறுத்து வந்தவர்கள், ஒரு தனி மனிதரின் உழைப்பை இலவசமாக உண்கிறார்கள் என்றால், அதை விடுதலை என்று எப்படிச் சொல்வது? வருஷத்துக்கு ஒரு சிறு தொகை, முறை வைத்துக் கொஞ்சம் வேலை, சண்டை வந்தால் உட்கார்ந்து கேட்கும் பொறுமை — இவற்றைத் தர மனமில்லாதவர்கள் பழைய இடத்திலேயே இருக்கலாம். அதில் அவமானம் ஒன்றும் இல்லை.

வெளியேறுவது அறமும் அல்ல, பாவமும் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. போன இடத்தில் யாருக்குச் சோறு போடுகிறோம், விட்டு வந்தவர்களை என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதில்தான் அறம் இருக்கிறது. அந்த ஆசிரியைக்காக எங்கள் குழு பழைய பக்கத்தை மூடாமல் வைத்திருக்கிறது. புதுத் தளத்தில் எழுதுவதை யாராவது ஒருவர், முறை வைத்து, அங்கேயும் கொண்டுபோய்ப் போடுகிறோம். இளைஞர்களுக்கு இது கொஞ்சம் எரிச்சல்தான். ஆனாலும் செய்கிறார்கள்.