போகாமல் இருந்தவர்கள்

புனிதம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியை மனிதர்கள் பெரும்பாலும் கால்களால்தான் கேட்டிருக்கிறார்கள். காசிக்கும் ஜெருசலேமுக்கும் மெக்காவுக்கும் நடந்தவர்கள், தம் ஊரில் கிடைக்காத ஒன்று இன்னோர் ஊரில் காத்திருக்கிறது என்று நம்பியவர்கள். அந்த நம்பிக்கை நமக்கும் அந்நியமானதல்ல. இந்த வேலையை விட்டால், இந்தத் தெருவை விட்டால், இந்த மனிதர்களிடமிருந்து விலகினால் வாழ்வு தன் உண்மையான வடிவத்தை அடைந்துவிடும் என்று எத்தனை முறை எண்ணியிருக்கிறோம்! போவதையே ஒரு காலத்தில் கட்டளையாக ஏற்று, பின்னொரு காலத்தில் இருப்பதைக் கட்டளையாக ஏற்க நேர்ந்த ஒரு சிறு சமயத்தாரின் வாழ்வை நினைக்கும்போது, அந்தப் பழைய கேள்வி புதிய கனத்தோடு நம்முன் நிற்கிறது.

மார்மன்கள் என்று உலகம் அழைக்கும் பிற்காலப் புனிதர்களின் இயேசு கிறிஸ்து சபை 1830-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் தோன்றியது. ஏழு ஆண்டுகளில் அதன் ஊழியர்கள் கடல் கடந்து, இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் ரிபிள் ஆற்றில் ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1849-இல் டென்மார்க் தன் புதிய அரசியலமைப்பில் சமயச் சுதந்திரத்தை வழங்கியது. மறு ஆண்டே இராஸ்டஸ் ஸ்னோவும் உடன் ஊழியர்களும் கோபன்ஹேகனில் வந்து இறங்கினார்கள். 1851-இல் அவர்களின் வேதநூலான மார்மன் புத்தகம் டேனிஷில் அச்சானது. ஆங்கிலத்தைத் தவிர வேறு மொழியில் அந்நூல் வெளிவந்தது அதுவே முதல் முறை.

ஆனால் நம்பியவர்கள் நம்பிய மண்ணில் தங்கவில்லை. அமெரிக்காவின் மேற்கே ராக்கி மலைகளுக்கு அப்பால், உட்டாவில், கடவுளின் நகரமான சீயோன் எழுகிறது, விசுவாசிகள் அங்கே வந்து கூட வேண்டும் என்பது அன்றைய போதனை. 1905-க்குள் ஸ்காண்டிநேவிய நாடுகளிலிருந்து சுமார் 30,000 பேர் உட்டாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களில் பாதிக்கு மேல் டென்மார்க்கைச் சேர்ந்தவர்கள். ரயில் பாதை வராத காலத்தில், தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றித் தாமே இழுத்துக்கொண்டு நடந்தவர்களும் உண்டு. 1856-இல் தாமதமாகப் புறப்பட்ட வில்லி, மார்ட்டின் குழுக்கள் வயோமிங்கின் பனியில் சிக்கி, இருநூறு பேருக்கு மேல் வழியிலேயே இறந்தார்கள். அவர்களை உட்டா மறக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 24 அங்கே முன்னோடிகளின் நாள்.

போகாதவர்களுக்கு நாள் இல்லை. அவர்கள் ஏன் போகவில்லை என்று கேட்டால் வீரக் கதை எதுவும் கிடைக்காது. ஒருவரிடம் கப்பல் கட்டணம் இல்லை. ஒருத்தியின் கணவன் விசுவாசத்தில் சேரவில்லை. இன்னொருவருக்குப் படுக்கையில் கிடக்கும் தாய். நன்றாகப் பாடுகிறவர், பிறருக்கு எடுத்துச் சொல்லத் தெரிந்தவர், தலைமை ஏற்கும் திறன் வாய்த்தவர் என்று யார் உருவானாலும் அவர் அடுத்த கப்பலில் போய்விடுவார். சபை வளர்வதும் சபை காலியாவதும் ஒரே நிகழ்ச்சியாக இருந்த அந்த ஐம்பது ஆண்டுகளில், பின்தங்கியவர்கள் எதை எண்ணிக்கொண்டு அந்தக் கூடங்களின் விளக்கை ஏற்றியிருப்பார்கள்? தம்மை அவர்கள் அரைகுறை விசுவாசிகள் என்றுகூட நினைத்திருக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் போதனை மெல்லத் திசை மாறியது. வராதீர்கள், உங்கள் நாட்டிலேயே சபையைக் கட்டுங்கள் என்று உட்டாவிலிருந்து சொல்லத் தொடங்கினார்கள். சொல்வது எளிது. கணவன் மனைவியையும் பெற்றோர் பிள்ளைகளையும் மரணத்துக்கு அப்பாலும் இணைக்கும் சடங்கு கோயிலில் மட்டுமே நடக்கும் என்பது இந்தச் சமயத்தின் மையமான நம்பிக்கை. ஐரோப்பாவிலோ 1955 வரை ஒரு கோயிலும் இல்லை. அந்த ஆண்டு சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகருக்கு அருகே முதல் கோயில் திறக்கப்பட்டபோதுதான், இருங்கள் என்ற சொல்லுக்கு உடல் கிடைத்தது. கிழக்கு ஜெர்மனியில் இருந்தவர்களுக்கு அந்த வழியும் அடைபட்டிருந்தது. எல்லையைத் தாண்ட அரசு விடவில்லை. அவர்கள் மீண்டும் மீண்டும் அனுமதி கேட்க, உங்கள் கோயிலை இங்கேயே கட்டிக்கொள்ளலாமே என்று கடவுளை ஏற்காத அந்த அரசே சொல்லும்படி ஆயிற்று. 1985-இல் ஃபிரைபெர்க் நகரில் அது எழுந்தது. கோபன்ஹேகனில் நடந்தது இன்னும் அமைதியானது. 1931-இல் வழிபாட்டுக் கூடமாகத் திறக்கப்பட்டு, தலைமுறைகளாக ஞாயிறுகளைக் கண்ட ஒரு கட்டடத்தையே புதுப்பித்து 2004-இல் கோயிலாக்கினார்கள். எதைத் தேடித் தாத்தாக்கள் கடல் கடந்தார்களோ அது, பேரர்கள் வழக்கமாகப் போய்வந்த வாசலிலேயே வந்து அமர்ந்தது.

இருத்தலின் சோதனை, இத்தகைய பெரிய நாள்களில் இல்லை. அது காப்பிக் கோப்பையில் இருக்கிறது. மதுவும் புகையிலையும் மட்டுமல்ல, காப்பியும் தேயிலையும் வேண்டாம் என்று 1833 முதல் இவர்களுக்கு ஒரு நெறி உண்டு. வட ஐரோப்பாவிலோ காப்பி ஒரு பானம் என்பதைவிட ஒரு வரவேற்பு. அலுவலகத்தில் நட்பு பிறப்பது அதன் இடைவேளையில். மரணவீட்டில் துக்கம் பகிரப்படுவது அதன் ஆவியில். உட்டாவின் ஒரு தெருவில் வேண்டாம் என்று சொல்பவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டென்மார்க்கின் ஒரு சிறுநகரத்தில் அதே சொல் ஒவ்வொரு முறையும் ஒரு சிறு விளக்கத்தைக் கேட்கிறது. ஆண்டுக்கணக்கில், அன்பானவர்களிடமே அந்த விளக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளியில் இந்த நம்பிக்கையுள்ள ஒரே பிள்ளையாக வளரும் சிறுமிக்கு, தன் விசுவாசம் காற்றைப்போல் இயல்பாகக் கிடைப்பதில்லை. தினமும் அவள் அதைத் தேர்ந்துகொள்ள வேண்டும். சுற்றம் தாங்காத நம்பிக்கை ஒன்று உதிர்ந்துவிடும், இல்லையேல் உண்மையாகவே நம்முடையதாகிவிடும். நடுவில் நின்று இளைப்பாற இடமில்லை.

கிளைகள் எனப்படும் சிறு சபைகள் சிலவற்றில் ஞாயிறன்று கூடுபவர்கள் இருபது முப்பது பேர். அவர்களிடையே சம்பளம் பெறும் போதகர் இல்லை. கிளைத் தலைவர் வார நாள்களில் தச்சராகவோ ஆசிரியராகவோ இருப்பார். அப்பமும் தண்ணீரும் ஆசீர்வதித்துப் பரிமாறப்பட்ட பிறகு, உறுப்பினர்களில் இருவரோ மூவரோ எழுந்து பேசுவார்கள். அடுத்த மாதம் பேசும் முறை கேட்டுக்கொண்டிருப்பவருடையது. மாதத்தின் முதல் ஞாயிறு இரு வேளை உணவைத் தவிர்த்து, அதன் விலையை இல்லாதவர்களுக்கென்று கொடுப்பார்கள். பொறுப்புகளை யாரும் கேட்டு வாங்குவதில்லை; அழைப்பு வரும், கூடியிருப்பவர்கள் வலக்கையை உயர்த்தி ஆதரிப்பார்கள், காலம் முடிந்ததும் நன்றி கூறி விடுவிப்பார்கள். நேற்றுவரை தலைவராக இருந்தவர் இன்று மூன்று குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பார். அதைத் தாழ்வென்று அவரும் கருதக் கூடாது, மற்றவர்களும் கருதக் கூடாது. எல்லாரும் இதில் வெல்வதில்லை. ஆனால் பதவியை உடலோடு ஒட்டிக்கொண்ட தோலாக நினைக்கும் நம் பொதுவாழ்வை எண்ணிப் பார்த்தால், இந்தச் சிறிய பழக்கத்துக்குள் எவ்வளவு பெரிய விடுதலை இருக்கிறது!

பெரிய சபையில் நாம் வராத ஞாயிறு யாருக்கும் தெரியாது. சிறிய சபையில் பியானோ வாசிக்கத் தெரிந்த ஒரே பெண் வரவில்லையென்றால் அன்று பாட்டு தடுமாறும். அவளே வகுப்பெடுக்கிறாள், அவளே முதியவர்களைப் போய்ப் பார்க்கிறாள், கூடத்தைப் பெருக்கும் முறையும் அவளுக்கு வருகிறது. இதில் களைப்பு உண்டு, மறைப்பதற்கில்லை. தம் நம்பிக்கையிலேயே மணமுடிக்க விரும்பும் இளைஞர்களுக்கு ஊரில் துணை கிடைப்பதில்லை, அவர்கள் பெருநகரங்களுக்கோ அமெரிக்காவுக்கோ போகிறார்கள். பழைய குடிப்பெயர்ச்சி ஒரு சொட்டு ஒரு சொட்டாக இன்றும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. மனம் மாறி விலகுகிறவர்களும் உண்டு. முப்பது பேரில் ஒருவர் விலகும்போது, அது கணக்கில் ஓர் எண் குறைவதாக இராது, ஒரு குடும்பத்தில் பிரிவு நேர்ந்ததுபோல் எல்லார் முகத்திலும் தெரியும். இருந்தும் நான் இந்தச் சுமையை அந்த வாழ்வின் குறையாகக் காணவில்லை. நாம் தேவைப்படாத இடத்தில் நம் நம்பிக்கை ஒரு கருத்தாகவே நின்றுவிடுகிறது. தேவைப்படும் இடத்தில் அது கையும் காலும் பெறுகிறது.

இங்கே ஓர் இருண்ட பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். பார்க்காமல் இருத்தலைப் புகழ்வது நேர்மையாகாது. ஓர் இடத்தில் வேர்விட வேண்டும் என்ற ஆசை, அந்த இடத்தின் தீமையோடு சமாதானம் செய்துகொள்ளவும் தூண்டும். நாஜி ஆட்சியில் ஹாம்பர்க் நகரின் ஒரு கிளையில், யூதர்கள் நுழையக் கூடாது என்ற பலகை தொங்கியது. அதே கிளையில் வளர்ந்தவன் ஹெல்முத் ஹியூபனர். வேற்று நாட்டு வானொலியை ரகசியமாகக் கேட்டு, போரைப் பற்றிய உண்மையைத் துண்டறிக்கைகளாக அடித்து, இரண்டு நண்பர்களோடு தெருத்தெருவாகப் பரப்பினான். பிடிபட்டான். கிளையின் தலைமை அவனைச் சபையிலிருந்து நீக்கியது. 1942 அக்டோபர் 27 அன்று பெர்லினின் பிளாட்சன்சே சிறையில் அவன் தலை துண்டிக்கப்பட்டபோது அவனுக்கு வயது பதினேழு. போருக்குப் பிறகு அந்த நீக்கம் ரத்து செய்யப்பட்டது. திரும்பி வர அவன் இல்லை.

அந்தக் கூடத்தில் இருந்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லிக் கடந்துவிட்டால் நமக்கு ஆறுதலாக இருக்கும். பெரும்பாலோர் அஞ்சியவர்கள், தம் சிறு கூட்டம் அழிந்துபோகக் கூடாதே என்று கவலைப்பட்டவர்கள். ஆனால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதே நோக்கமாகிவிட்ட கூட்டம், எதற்காகத் தான் காக்கப்பட வேண்டுமோ அதையே முதலில் இழக்கிறது. ஓர் ஊரில் இருப்பதென்றால் அந்த ஊரின் பாவத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்படுவது. பெரியவர்கள் அந்த ஊரில் குடியிருந்தார்கள். அந்தச் சிறுவன் அதற்குப் பொறுப்பேற்றான்.

போர் முடிந்த பிறகு, வேறொரு நாட்டில் வேறொரு பதில் எழுந்தது. 1947-இன் வசந்தத்தில் நெதர்லாந்தின் மார்மன்கள் பசியிலிருந்து அப்போதுதான் மீண்டுகொண்டிருந்தார்கள். விதை உருளைக்கிழங்கைத் தேடிப் பிடித்து, தோட்டத்திலும் வெற்று நிலத்திலும் கிடைத்த ஒவ்வொரு சாண் மண்ணிலும் நட்டார்கள். அறுவடை நெருங்கியபோது அங்கிருந்த ஊழியத் தலைவர் கொர்னீலியஸ் சாப்பி ஒன்று கேட்டார்: இதை ஜெர்மனியில் இருக்கும் நம் சபையாருக்குக் கொடுப்பீர்களா? ஐந்து ஆண்டுகள் தம் நாட்டை மிதித்தவர்களின் நாடு அது. அந்த ஆக்கிரமிப்பின் கடைசிக் குளிர்காலத்தில் டூலிப் கிழங்கைத் தின்று உயிர்பிழைத்த மக்கள் இவர்கள். சுமார் 70 டன் உருளைக்கிழங்கு எல்லையைக் கடந்தது. மன்னிப்பைப் பற்றி நாம் எழுதும் எல்லா வரிகளையும்விட அந்த மூட்டைகளின் எடை அதிகம்.

இவற்றையெல்லாம் சேர்த்து நினைக்கும்போது ஒன்று தெளிவாகிறது. அன்பு என்று நாம் பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் தேர்வின் இன்பம். நமக்கு ஒத்தவர்களை, நம்மைப் புகழ்பவர்களை, விட்டுப் போகலாம் என்ற கதவு திறந்திருக்கும்வரை நாம் நேசிக்கிறோம். மார்மன் ஒருவர் தன் சபையைத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர் குடியிருக்கும் பகுதியே அதைத் தீர்மானிக்கிறது, சிறுநகரத்திலோ தேர்ந்தெடுக்க வேறொன்று இருப்பதுமில்லை. ஆகவே சலிப்பூட்டும் பேச்சாளரோடும், பழைய மனத்தாங்கலை மறக்காத முதியவரோடும், தன் கருத்துக்கு நேர்எதிரான அரசியல் கொண்டவரோடும் அவர் ஆண்டுகள் பலவற்றை ஒரே கூடத்தில் கழிக்கிறார். அவர்கள் கையால் அப்பம் வாங்குகிறார், அவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறார், அவர்கள் வீட்டு மரணத்துக்கு முதலில் போய் நிற்கிறார். அப்படி விலக முடியாத மனிதர்களிடையே, விலகாமல், அதேநேரம் அவர்களின் அச்சத்துக்கும் தவறுக்கும் அடிபணியாமல், ஒருவர் மெல்ல மெல்ல எதை வளர்க்கிறாரோ அதுவே, ஒரு காலத்தில் கடலுக்கு அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் இருப்பதாக எண்ணித் தேடிப்போன சீயோன். போனவர்களும் அதை அங்கே ஆயத்தமாகக் கண்டெடுக்கவில்லை. உப்பு ஏரிக் கரையில் இறங்கிய பின் அவர்களும் ஒருவரோடொருவர் இருந்துதான் அதை உண்டாக்க வேண்டியிருந்தது.

இன்று அந்த ஐரோப்பியக் கிளைகளுக்கு வேறு திசைகளிலிருந்து மனிதர்கள் வருகிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் பிழைப்பையோ பாதுகாப்பையோ தேடி வந்தவர்கள், மொழி தெரியாத குளிரில் ஒரு ஞாயிறன்று அந்தக் கதவைத் தள்ளுகிறார்கள். உட்டாவிலிருந்து வரும் இளம் ஊழியர்களில் சிலருக்கு இந்த ஊர் கொள்ளுப்பாட்டி விட்டுச்சென்ற ஊர். புதிதாக வந்தவருக்கோ அதுதான் வந்து சேர்ந்த ஊர். ஆள் போதாத சபையில் நெடுநாள் விருந்தாளியாக இருக்க யாராலும் முடியாது. டேனிஷ் வாக்கியம் ஒன்றைத் தவறின்றிச் சொல்லப் பழகும் முன்பே, அடுத்த வாரம் ஜெபம் சொல்ல முடியுமா என்று அவரைக் கேட்டுவிடுவார்கள்.