கரையின் விலையும் கடற்றொழிலாளர் வரியும்

வரி விதிப்பிலே சமத்துவம் என்பது யாது? ஒரே பெறுமதியுடைய இரு நிலங்களுக்கு ஒரே வரி என்பதே எவரும் உடனே கூறும் விடையாகும். ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள மேய்ன் மாநிலத்தின் அரசியலமைப்பும் அவ்வாறே கூறுகின்றது. ஆதனத்தின் மீதான வரிகள் நியாயமான பெறுமதிக்கேற்பச் சமமாகப் பகிரப்படல் வேண்டும் என்பது அதன் விதி. நியாயமான பெறுமதி என்பது நடைமுறையில் நிலம் சந்தையிலே பெறக்கூடிய விலையாகவே கொள்ளப்படுகின்றது. விலையும் நியாயமும் எவ்வாறு ஒன்றாயின என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டிய ஐயம்.

மேய்ன் கரை சிங்க இறால் பிடிப்போரின் கரை. அங்கு உரிமம் பெற்ற ஒருவர் 800 கூடுகள் வரை கடலில் இடலாம். கடலில் இடுவதற்கு உரிமம் போதும். மாரியிலே அவற்றைக் கரையேற்றி அடுக்குவதற்கும், இரை ஏற்றுவதற்கும், பிடித்ததை இறக்குவதற்கும் நீரைத் தொடும் நிலமும் ஓர் இறங்குதுறையும் வேண்டும். கோடைகால வீடு தேடிவரும் செல்வர் விரும்புவதும் அதே நிலத்தைத்தான். அயலிலே ஒரு மாளிகை எழுந்ததும் துறையின் பெறுமதி உயர்கின்றது. கூடுகள் கூடவில்லை, இறாலின் விலையும் ஏறவில்லை. வரி மட்டும் ஏறுகின்றது. ஏறத்தாழ 5,300 மைல் நீளமான அக்கரையில், கடற்றொழிலுக்குப் பயன்படும் பகுதியாக எஞ்சியிருந்தது 20 மைல் மட்டுமே என இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கணிக்கப்பட்டது.

வரி என்றதும் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உரைத்த யானை உவமையை நினையாத தமிழ் மாணவர் இரார். ஆயினும் அப்பாடலின் கவலை வேறு. எவ்வளவு கொள்வது, எவ்வாறு கொள்வது என்பது அங்கு வினா; எதனை அளந்து கொள்வது என்பது இங்கு வினா. எமது உள்ளூராட்சி மன்றங்களின் சோலைவரி ஆதனத்தின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது அது ஈட்டக்கூடிய வாடகையை, அளவாகக் கொள்கின்றது. மேய்னிலோ விற்பனை விலையே அளவு.

குடிகள் அரசின் பாதுகாப்பிலே தாம் பெறும் வருமானத்துக்கு ஏற்ப வரி செலுத்தல் வேண்டும் என்பது 1776 இல் அடம் சிமித் வகுத்த முதல் விதி. இதன்படி நோக்கின் கடற்றொழிலாளர் பக்கமே நியாயம் உண்டு. ஆனால் 1879 இல் ‘முன்னேற்றமும் வறுமையும்’ என்னும் நூலை வெளியிட்ட ஹென்றி ஜோர்ஜின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. நிலத்தின் விலையேற்றம் உடையவரின் உழைப்பால் விளைந்ததன்று, சமூகத்தால் விளைந்தது, ஆகவே அது சமூகத்துக்கே உரியது என்பது அவர் கொள்கை. அவ்வாறாயின், இலட்சக்கணக்கான டொலர் பெறுமதியான நிலத்தை வைத்திருப்பவருக்குச் சலுகை எதற்கு? வாடகை வீட்டிலே வாழும் ஆசிரியரைவிட அவர் ஏழையா?

ஏழையல்லர் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சலுகைக்காக வாதாடுவோர் கடற்றொழிலாளரின் வறுமையை முன்வைப்பது எனக்கு வலுவான வாதமாகத் தோன்றவில்லை. வலுவான வாதம் வேறிடத்தில் உள்ளது. விலையேற்றம் விற்பவருக்கே கைப்படும் செல்வம். விற்க மறுப்பவருக்கு அது ஏட்டிலுள்ள எண். அந்த எண்ணின்மீது ஆண்டுதோறும் காசாக வரி கேட்பது, அவர் செய்ய விரும்பாத விற்பனையைச் செய்யுமாறு வற்புறுத்துவதாகும். சமமாக விதிக்கப்பட்ட வரி, கரையில் எவர் வாழ்வது என்பதைத் தானே தீர்மானித்துவிடுகின்றது. ஜோர்ஜுக்கு உரியதை விற்கும் நாளிலே கேட்கலாமே!

2005 இல் மேய்ன் வாக்காளர் அரசியலமைப்பைத் திருத்தி, கடற்றொழிலுக்குப் பயன்படும் கரைநிலத்தை அதன் நடப்புப் பயன்பாட்டின்படி மதிப்பிட இடமளித்தனர். பண்ணைகளுக்கும் காடுகளுக்கும் இவ்வுரிமை முன்னரே இருந்தது. இதன்வழி வந்த சட்டத்தின்படி நிலத்தின் அரைப்பங்குக்கு மேல் தொழிலுக்குப் பயன்படின் பெறுமதியில் 10 சதவீதமும், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பயன்படின் 20 சதவீதமும் கழிக்கப்படலாம். பயன்பாட்டை மாற்றுபவர் தண்டம் இறுக்க வேண்டும். பயன்பாட்டை ஒருபோதும் மாற்றுவதில்லை என உறுதியிலேயே எழுதிக் கட்டுப்படுவோருக்கு மேலதிகக் கழிவும் உண்டு. இந்த இறுதி ஏற்பாட்டையே நான் பெரிதும் மதிக்கின்றேன். இங்கு கழிவு அன்பளிப்பன்று. பெருவிலைக்கு விற்கும் உரிமையை ஒருவர் கைவிட்டதற்கான ஈடு. கட்டுப்பாடு எதுவுமின்றி வழங்கப்படும் 10 சதவீதமோ, பன்மடங்கு ஏறிய விலையின் முன்னே துறையைக் காக்கவும் போதாது. அதனைப் பெறாத அயலவரிடம் நியாயப்படுத்தவும் கடினம்.

அயலவரை மறந்துவிடலாகாது. பாடசாலைக்கும் வீதிக்கும் வேண்டிய பணம் சலுகையினாற் குறைவதில்லை. துறை செலுத்தாத பங்கை ஊரின் உட்புறத்தில் சிறுவீடு வைத்திருப்பவரும் சேர்ந்தே சுமக்கின்றார். அதைவிட என்னை உறுத்துவது படகிலே கூலிக்குச் செல்பவரின் நிலை. கரையில் அவருக்கு நிலமில்லை. எனவே கழிக்கப்படுவதற்கு வரியுமில்லை. துறை கைமாறினால் உரிமையாளருக்கு விலை கிடைக்கும், அவருக்கு வேலையும் போய்விடும். ஆகவே, தனியொருவர் பயன்படுத்தும் துறையைவிடப் பலர் கூட்டாகப் படகு கட்டும் துறைக்கே கூடிய கழிவு வழங்கல் வேண்டும் என்பேன். கழிவின் அளவைத் தீர்மானிக்கையில், நிலம் எதற்குப் பயன்படுகின்றது, அப்பயன்பாடு நிலைக்குமா என்று மேய்ன் சட்டம் கேட்கின்றது. எத்தனை பேருக்குப் பயன்படுகின்றது என்று அது கேட்பதில்லை.