கங்கைக்கு இடங்கொடுத்த சடைமுடி



பகீரதன் அருந்தவம் புரிந்து ஆகாய கங்கையைப் பூவுலகுக்கு அழைத்த வரலாறு நாம் சிறுபிராயம் முதல் கேட்டு வருவது. வந்த வேகத்திலேயே அது விழுந்திருந்தால் பூமி தாங்கியிராது. எம்பெருமான் என்ன செய்தார்? கங்கையைத் தடுத்து நிறுத்தவில்லை, திருப்பி அனுப்பவுமில்லை. தமது சடைமுடியை விரித்து, அதில் தங்கிச் செல்ல இடங்கொடுத்தார். சடைக்குள் புகுந்த வெள்ளம் வேகம் தணிந்து, சிறுகச் சிறுக இறங்கி, உயிர்களை வாழ்வித்தது. கங்காதரர் என்ற திருநாமத்தைச் சொல்லி வணங்கும் நாம், அதன் பொருளை நமது ஆற்றங்கரையில் மறந்துவிட்டோம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியை எவரும் மறந்திருக்க முடியாது. நாடெங்கும் 600 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நமது மாத்தளை மாவட்டத்தின் மலைப்பகுதியில் ஒரே நாளில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை கொட்டியது. அன்றிரவு நமது ஆலயத்தின் பின்புறம் நடந்ததை இம்மலரில் எழுதிவைக்க வேண்டியது என் கடமையாகும்.

ஆலயத்துக்குப் பின்னால் ஆற்றோடு சேர்ந்த பள்ளக்காணி முன்னர் நாணலும் மூங்கிலும் மருத மரங்களுமாக இருந்ததை மூத்தவர்கள் அறிவர். பெருமழைக் காலத்தில் ஆறு அங்கே ஏறி நிற்கும். இரண்டொரு நாளில் வடிந்துவிடும். திருவிழாக் கடைகளுக்கும் வாகனங்களுக்கும் இடம் வேண்டுமென்று அப்பள்ளத்தை மண்ணிட்டு நிரப்பி, ஆற்றோரம் கருங்கல் மதில் எழுப்பினோம். அத்தீர்மானத்தை எழுதிக் கையொப்பமிட்டவன் அடியேன். அரச சேவையில் காணிக் கோவைகளைப் புரட்டியவன் நான். ஆற்றோரம் ஏன் ஒதுக்கக் காணியாக விடப்படுகிறது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் எழுதினேன்.

அன்றிரவு ஏறி நிற்க இடமில்லாத வெள்ளம் மதிலில் மோதி, எதிர்க்கரைக்குத் திரும்பியது. தேர் வரும் நாளில் நமக்குத் தண்ணீர்ப்பந்தல் வைக்கும் சிங்கள அன்பர்களின் வீடுகளுக்குள் அது புகுந்தது. விடியுமுன் மதிலும் சரிந்தது. அம்பாளின் மூலஸ்தானம் தப்பியது. ஆனால் நமது மதில் தள்ளிய நீர் அடுத்தவர் அடுப்பை அணைத்ததே, அதற்கு என்ன பிராயச்சித்தம்?

ஆற்றோரத் தாழ்நிலம் வெற்றுநிலமன்று. அது ஆற்றின் சடைமுடி. வெள்ளம் அங்கே பரவும்போது அதன் உயரம் குறைகிறது. புல்லும் மரங்களும் வேகத்தைத் தணிக்கின்றன. வண்டல் படிகிறது. மண்ணுக்குள் இறங்கும் நீர் கோடையில் கிணறுகளில் ஊறுகிறது. இருபுறமும் மதில் கட்டி நெருக்கினாலோ, அதே நீர் உயர்ந்து, விரைந்து, கீழேயுள்ளவர்களைத் தாக்குகிறது.

நமது ஊர் நீர் சென்று சேரும் வழியையே பாருங்கள். அம்பன் கங்கையாக ஓடி மகாவலியில் கலந்தபின், மன்னம்பிட்டிப் பக்கம் அது வில்லுகள் எனப்படும் சதுப்புத் தாழ்நிலங்களில் பரந்து தங்குகிறது. அந்நிலங்களைக் காக்கவே 1984 ஆம் ஆண்டு வெள்ளச் சமவெளித் தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டது. கொழும்பிலோ 2010 நவம்பர் வெள்ளம் பாராளுமன்ற வளாகத்தையே சூழ்ந்தது. அதன்பின் எஞ்சிய ஈரநிலங்களைப் பேணும் அக்கறை வளர்ந்து, 2018 இல் அந்நகரம் ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது.

அணை கட்டுவதில் பேர்பெற்ற நெதர்லாந்து நாட்டிலும் 1995 இல் ஆறுகள் பெருகி ஏறத்தாழ 2,50,000 மக்கள் இடம்பெயர நேர்ந்தது. அதன்பின் அவர்கள் அணையை மேலும் உயர்த்துவதோடு நிற்காமல், முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் ஆற்றுக்கு இடம் விட்டார்கள். நைமேகன் நகரருகே அணையையே 350 மீற்றர் பின்னே நகர்த்தினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் அகற்றப்பட்டன. இடங்கொடுப்பது இலகுவான காரியமன்று என்பதையும் இது உணர்த்துகிறது.

பள்ளக்காணியைத் திருப்பிக் கொடுத்தால் இனி வெள்ளமே வராது என்று நான் சொல்லவில்லை. 500 மில்லிமீற்றர் மழையை ஒரு காணி தாங்காது. மலைச்சரிவையும் அது தடுக்காது. ஆனால் சாதாரண வெள்ளத்தின் வேகத்தை அது தணிக்கும். பெருவெள்ளத்தில் நம்மால் அயலவருக்கு வரும் கேட்டையாவது குறைக்கும்.

ஆகவே எதிர்வரும் பொதுக்கூட்டத்தில் ஒரு தீர்மானத்தை முன்வைக்க இருக்கிறேன். உரிய திணைக்களங்களின் அனுமதியோடு மீதி மதிலை அகற்றி, நிரப்பிய மண்ணைத் தோண்டியெடுத்து, மருதமும் மூங்கிலும் நாணலும் நடுவோம். மருதமரம் திருவிடைமருதூரின் தலவிருட்சம். அதன் வேர் கரையை இறுகப் பற்றும். தீர்த்தமாடும் படித்துறை அப்படியே இருக்கும். வறண்ட மாதங்களில் பிள்ளைகள் அங்கே விளையாடலாம், மாடுகள் மேயலாம். கடைக் குத்தகை வருமானம் குறையும், உண்மைதான். அன்னதானத்தை அந்தப் பணம் இல்லாமல் நடத்த நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடி அரிசி கூடுதலாகக் கொண்டுவர வேண்டும்.

ஆற்றோரம் குடிசை போட்டிருக்கும் ஏழைகளை இதைச் சொல்லி யாரும் விரட்டக் கூடாது. வேறு நிலமில்லாததால்தான் அவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாதுகாப்பான காணி கிடைக்க நாம் குரல் கொடுக்க வேண்டும். நிலம் உள்ள கோயிலே முதலில் இடங்கொடுப்பது முறை.

வைகை பெருகியபோது மதுரையில் வீட்டுக்கொரு பங்காகக் கரை அடைக்கச் சொன்னான் பாண்டியன். பிட்டு விற்ற வந்திக்காக இறைவனே கூலியாளாக வந்து மண் சுமந்தார். அவர் முதுகில் விழுந்த பிரம்படி எல்லா உயிர்கள் முதுகிலும் விழுந்தது. நமது கரையில் நாம் எழுப்பிய மதிலும் அப்படித்தான், அயலவர் முதுகில் விழுந்தது. அன்று மண் சுமந்து கரை அடைத்தார்கள். இன்று நாம் போட்ட மண்ணை நாமே சுமந்து அகற்ற வேண்டியிருக்கிறது. அப்பணியில் முதல் கூடையைச் சுமக்க அடியேன் வருவேன்.

அடியார்கள் அனைவரும் பொதுக்கூட்டத்துக்குத் தவறாது சமுகமளித்து, தத்தம் கருத்தை மனந்திறந்து கூறுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். இரு கரை மக்களும் இன்புற்று வாழ அம்பாளின் திருவருள் முன்னிற்பதாக.

சுபம்.