சந்தை சொல்லும் குரல்

காவிரி நீர் திருச்சிப் புத்தூர் வழியே உய்யக்கொண்டான் வாய்க்காலாய் ஓடி வயலைச் சேர்வது போல, பக்தியும் தலைமுறைதோறும் யாரேனும் ஒருவர் கரை கட்டிக் காத்த வழியாகவே நம்மை வந்தடைகிறது. ஆழ்வார்களின் மறைந்துகிடந்த நாலாயிரம் பாசுரங்களை ஆசாரியர் நாதமுனிகள் மீட்டார் என்று வைணவ சம்பிரதாயம் போற்றுகிறது. அவற்றை இசையோடு தம் மருமகன்மார் இருவருக்கு அவர் கற்பித்தாரே, அதுவன்றோ அதனினும் பெரிது! அக்கொடையின் தொடர்ச்சியாகவே இன்றும் வைகுண்ட ஏகாதசி விழாவில் திருவரங்கத்து அரையர்கள், தந்தையரிடம் பயின்ற தாளத்தையும் அபிநயத்தையும் பெருமாள் திருமுன் சமர்ப்பிக்கின்றனர். இப்பாசுரங்களை வாய்வழியே பயிற்றும் சந்தை முறையில் ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவன் இருமுறை சொல்கிறான். பொருள் விளங்காத பருவத்திலேயே சொல் நாவில் படிந்துவிட, அர்த்தமோ, வாழ்க்கை அவனைத் துக்கத்தாலும் ஆனந்தத்தாலும் பக்குவப்படுத்திய பின், தானே வந்து சேர்கிறது. பேழைக்குள் பட்டுச் சுற்றிப் பூஜிக்கப்படும் கிரந்தத்தினும், பேரன் அருகிலிருக்கப் பாட்டனார் வாய்விட்டு ஓதும் ஒரு பாசுரமே மேலான சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் குரல் எந்த இடத்தில் தழுதழுக்கிறது என்பதைக் குழந்தை கவனித்துக்கொண்டே இருக்கிறது.