கயிற்றைப் பிடிப்பவன்

தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு 1961-உடன் நின்றுவிட்டது. ஆனால் அந்தத் தொழிலின் ஒரு நியதியை இன்னமும் இங்கே சொல்கிறார்கள். குளிப்பவன் கல்லோடு இறங்கும்போது தோணியில் கயிற்றைப் பிடிப்பவன் அவன் மைத்துனனாக இருக்கவேண்டும். உடன்பிறந்தவள் தாலியறுக்க அவன் விடமாட்டான்.

சென்ற வருஷம் நானும் அப்படியொரு மைத்துனன் ஆனேன். அத்தானுக்கு வலது நுரையீரலில் கட்டி. ரோபோ மூலம் எடுக்கலாம் என்றார்கள். சம்மதப் படிவத்தில் அக்காள் கையெழுத்துக்குக் கீழே சாட்சியாக என் கையெழுத்து.

ரோபோ என்ற சொல்லே ஏமாற்றுகிறது. 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாவின்சி யந்திரம் தானாக எதையும் அறுப்பதில்லை. சர்ஜன் சில அடி தள்ளி உட்கார்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணக் காட்சியைப் பார்த்தபடி கைகளை அசைக்கிறார். விலா எலும்புகளுக்கிடையே நுழைந்திருக்கும் கருவிகள் கைநடுக்கத்தை மட்டும் நீக்கி அதையே செய்கின்றன. மார்பை அகலத் திறக்கவேண்டியதில்லை. அறுக்கும் பக்கத்து நுரையீரலைக் காற்றிறக்கிச் சுருங்கவிடுகிறார்கள். மற்றதற்கு மயக்க மருத்துவர் மூச்சளிக்கிறார். அந்நேரம் அத்தானும் கடலடியில்தான் இருந்தார்.

ஸ்பரிசம் போய்விட்டதே என்கிறார் ஓர் இலக்கிய நண்பர். விரலால் தடவிக் கட்டியைக் கண்டறிந்த காலத்தை நினைத்து அவர் ஏங்குகிறார். தொடு உணர்வில் ஒரு பகுதியை 2024-ல் வந்த டாவின்சி 5 திருப்பித் தந்திருக்கிறது என்பது இருக்கட்டும். கயிற்றைப் பிடித்த மைத்துனனும் குளிப்பவனைத் தொடவில்லை. பல பாகம் தண்ணீருக்கு மேலே நின்றான். கயிறும் ஒரு கருவிதான். தூரத்தைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மறுமுனையில் இருப்பவர் 'நான்தான் பிடித்திருந்தேன்' என்று சொல்வாரா என்பதே என் கேள்வி.

மூன்றாம் நாள் அத்தானின் குழாயில் காற்றுக் குமிழிகள் நிற்கவில்லை. இந்தச் சிகிச்சையில் இது சகஜம். சர்ஜன் அக்காளிடம் யந்திரத்தைப் பற்றிப் பேசவில்லை. "நான் மூடின இடத்துலதாம்மா கசியுது. நான் பாத்துக்கறேன்" என்றார். அந்த 'நானை'ப் பிடித்துக்கொண்டுதான் அக்காள் ஒரு வாரம் கழித்தாள். கசிவு நின்றது.

2022-ல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கும் ரோபோ வந்துவிட்டது. ஏழைக்கும் கிடைக்கட்டும், அதில் எனக்கு ஆட்சேபமில்லை. யந்திரங்கள் பெருகும்போது அந்த 'நான்' தேய்ந்துவிடுமோ என்பதுதான் பயம். இந்தப் பயம் என் சொந்த அனுபவத்திலிருந்து வருவது.

நான் பாங்க் குமாஸ்தா. போன மாதம், சங்கு குளித்து ஓய்ந்த ஒரு கிழவர் முதியோர் பென்ஷனுக்கு வந்தார். யந்திரத்தில் அவர் விரல்ரேகை பதியவில்லை. "சிஸ்டம் எடுக்கல, தாத்தா" என்று அனுப்பிவிட்டேன். அந்த வாக்கியத்தில் நான் இல்லை. மானேஜரிடம் அழைத்துப்போயிருக்கலாம், எழுதி வாங்கிக்கொண்டு கொடுக்க வழி இருந்தது. சிஸ்டம் என்னைத் தடுக்கவில்லை, ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தது.

அத்தானுக்காகக் கையெழுத்திட்டவன், கிழவரின் கயிறு அசைந்தபோது எங்கே போனேன்? அக்காள் கேட்டால் சொல்ல என்னிடம் பதில் இல்லை.