காலோடு வரும் இரும்பு



மேற்கு அவுஸ்திரேலியாவின் வறண்ட செம்மண் நிலத்திலே, 1892இல் கூல்கார்டியிலும் மறு ஆண்டு கல்கூர்லியிலும் பொன் கண்டெடுக்கப்பட்டது. பெரிய சுரங்கங்கள் ஒருபுறமிருக்க, அரசின் அனுமதிச் சீட்டைப் பெற்று, உலோகம் காட்டும் கருவியைக் கையிலேந்தித் தனியே பொன் தேடுவோர் அங்கே இன்றும் உள்ளனர். இதே வகைக் கருவி எமது மண்ணில் கண்ணிவெடி தேடியதை நாம் கண்டிருக்கிறோம். அது வேறு கதை. அந்தப் பொன் தேடுவோரின் சப்பாத்தைப் பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கூரிய கல்லும் முள்ளும் பாம்பும் உள்ள இடம் அது. தடித்த அடியும் கணுக்காலை மூடும் உயரமும் உள்ள சப்பாத்து வேண்டும். புதிதாகச் செல்பவர் கடையில் தொழிலாளர் அணியும் பலமான சப்பாத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறார். அதன் முனையிலே விரல்களைக் காக்க உருக்குக் கவசம் உண்டு. சிலவற்றின் அடிக்குள்ளும் உருக்குத் தகடு உண்டு. நிலத்தில் இறங்கிக் கருவியை இடமும் வலமும் வீசுகிறார். காலுக்குக் கிட்ட வரும்போதெல்லாம் அது கத்துகிறது. மனிதர் பரபரப்போடு தோண்டுகிறார். ஒன்றுமில்லை. இரண்டடி நகர்கிறார், மறுபடியும் கத்துகிறது! இல்லாத பொன்னுக்காக அந்த வெயிலிலே எத்தனை குழிகள்!

பழகியவர்கள் உலோகமல்லாத கவசம் வைத்த சப்பாத்தையே தேடி வாங்குவர். நூல் கோக்கும் துளையின் வளையம்கூட உலோகமா என்று பார்ப்பர். சட்டைப்பையிலுள்ள திறப்பும் அப்படியே. சந்தேகமிருந்தால் சப்பாத்தைக் கழற்றி வைத்து, கருவியை அதன்மேல் பிடித்துப் பார்ப்பர்.

பிறகு கருவியைச் சீர்செய்ய வேண்டும். அந்த மண்ணிலேயே இரும்புத் தாது மலிந்து கிடக்கிறது. ஆதலால், உலோகத் துண்டொன்றும் இல்லாத ஓரிடத்திலே கருவியின் வளையத்தை மேலும் கீழும் அசைத்து, ஓசை ஒரே சீராகும்வரை அதை மண்ணுக்குப் பழக்குவர். நிலம் மாறினால் மீண்டும் செய்வர். கருவியின் கூருணர்வைக் கூட்டினால் பொன்னும் கூடக் கிடைக்கும் என்று எண்ணுவது பிழை. தாது மிகுந்த மண்ணில் அது ஓயாமல் அலறும். சிறு பொன்மணியோ, சீரான ஓசையிலே மெல்லிய ஓர் அசைவாகத்தான் கேட்கும். குறைத்து வைப்பவனுக்கே அது புலப்படும்.

பாலையிலே எரியும் முட்செடியை அணுகிய மோயீசனிடம் ஆண்டவர் முதலில் கேட்டது எதை? மிதியடியைக் கழற்றும்படி. தம் மக்களைப் பற்றிய செய்தியை அதற்குப் பிறகுதான் சொன்னார்.

இதை எழுதுகிறவனின் காலிலும் இரும்பு இருந்தது. முன்னொரு பங்கில் நான் பணியாற்றியபோது, திருநாள் கணக்கு விடயத்தில் என்னோடு வாதிட்டிருந்த ஒருவர் ஒரு மாலை அறைவீட்டுக்கு வந்தார். “சுவாமி, ஒரு விடயம்...” என்று தொடங்கினார். மறுபடியும் கணக்கா என்று எண்ணி, நேரமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காணி எல்லைத் தகராறினால் பிரிந்திருந்த தம்பியோடு தம்மைச் சேர்த்துவைக்கும்படி கேட்கவே அவர் வந்திருந்தார். அதை நான் அறிந்தது, அந்தத் தம்பியின் அடக்கப் பூசையன்று, வேறொருவர் சொல்லித்தான்.

அண்ணன் பெட்டியருகே நின்றார். என்னிடம் அவர் ஒன்றும் சொல்லவில்லை.