சூரியனுக்கும் தோல் நோய் வந்த ஊர்

"இயற்கைதானே அண்ணே, ஒண்ணும் பண்ணாதுல்ல?"

கும்பகோணத்தில் நாட்டு மருந்துக் கடை வைத்திருப்பவன் நான். சித்திரை பிறந்துவிட்டால் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வாய் வலிக்கும். வண்டியில் போய்வந்து முகம் கறுத்துவிட்டது, கன்னத்தில் மங்கு விழுந்துவிட்டது, சன்ஸ்கிரீன் என்றால் கெமிக்கலாம், அதனால் நலங்கு மாவு கொடுங்கள் என்பார்கள். கொடுக்கிறேன். பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் சேர்த்து நானே அரைத்து விற்கும் சரக்கு அது. தோலைச் சுத்தமாக்கும், மணக்கும். ஆனால் வெயிலைத் தடுக்காது. தேய்த்துக் குளித்ததும் சாக்கடையோடு போய்விடுகிற மாவு மத்தியான வெயிலை எப்படித் தடுக்கும்?

அதில் சேர்கிற கார்போகரிசியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கறுப்பாக, சப்பையாக, உள்ளங்கையில் கொட்டினால் எள்ளின் அண்ணன் மாதிரி இருக்கும். வெண்புள்ளிக்கு இதை அரைத்துப் பூசி, அந்த இடத்தை இளவெயிலில் காட்டச் சொல்வது பழைய வைத்தியம். இந்த விதையிலுள்ள சொராலன் என்ற பொருள் வெயிலின் புற ஊதாக் கதிரோடு சேர்ந்துதான் வேலை செய்கிறது. ஆங்கில வைத்தியமும் அதே சொராலன் வகை மருந்தைக் கொடுத்து விளக்கொளியில் நிறுத்தியது. அளவு மீறினால் தோல் கொப்பளித்துவிடும். எலுமிச்சைச் சாற்றிலும் இதே இனத்துச் சரக்கு உண்டு. முகம் வெளுக்கட்டும் என்று சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் கறுப்புத் திட்டுதான் மிஞ்சும். இரண்டுமே செடி கொடுத்தவை. இரண்டுமே வெயிலைத் தோலுக்குள் கைபிடித்துக் கூட்டி வருபவை.

இயற்கை நமக்கு நல்லதே நினைக்கும் என்பது புதிதாக வந்திருக்கும் ஒரு பக்தி. நம்முடைய பழைய பக்தி அப்படி இல்லை. எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கும் சூரியனார்கோயிலின் தலபுராணத்தைக் கேளுங்கள். தனக்குத் தொழுநோய் வரப்போகிறது என்று தெரிந்துகொண்ட காலவ முனிவர் நவக்கிரகங்களை நோக்கித் தவமிருக்கிறார். அவை மனமிரங்கி வரம் கொடுத்துவிடுகின்றன. பிரம்மாவுக்குக் கோபம் வருகிறது. செய்த வினைக்கு உரிய பலனைக் கொண்டுசேர்ப்பதுதான் உங்கள் வேலை, அதை மாற்ற உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டு, அந்த நோய் உங்களுக்கே வரட்டும் என்று சபித்துவிடுகிறார். சூரியனுக்கே தோல் நோய்! பக்கத்துத் திருமங்கலக்குடியில் சிவனை வழிபட்டு, எருக்க இலையில் தயிர்ச்சாதம் உண்டு குணமானார்கள் என்று கதை முடிகிறது.

பிரம்மாவின் அந்தக் கோபத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். சூரியன் அன்பாலும் சுடவில்லை, பகையாலும் சுடவில்லை. தன் முன்னால் எவ்வளவு நேரம் நின்றாயோ அதற்கு உண்டானதைக் கொடுக்கிறான். எருக்கு மட்டும் என்ன? அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதன் இலையில்தான் சாமிக்குச் சோறு. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் உடம்பு வெந்துபோகும் என்று தெரிந்த தொழில் எங்களுடையது. பிறந்த இடத்தை வைத்து ஒரு பொருளை நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கம்பெனிக் களிம்புக்கும் இதே கணக்குதான். அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2019-இல் சன்ஸ்கிரீனில் சேரும் 16 பொருள்களைப் பார்த்து, துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு என்ற இரண்டைத்தான் பாதுகாப்பானவை என்று ஏற்கலாம் என்றது. இரண்டு வேண்டாம் என்று தள்ளியது; மீதி 12-க்கு இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. அவற்றில் சில தோல் வழியாக ரத்தத்தில் கலப்பது தெரிந்திருக்கிறது. கலந்தால் கெடுதல் என்று நிரூபணமாகவில்லை. ஹவாய்த் தீவில் பவளப்பாறைகளைக் காப்பதற்காக ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்கிரீன் விற்பனையை 2021 முதல் நிறுத்திவிட்டார்கள்.

ஆகவே கேட்பவர்களுக்கு என் சிபாரிசு, துத்தநாகம் கலந்த, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத களிம்பு. அது என் கடையில் கிடையாது, எதிர் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிக்கொள்ளுங்கள் என்பேன். எஸ்பிஎஃப் என்பது முக்கியமாகத் தோலை எரிக்கும் கதிருக்கான கணக்கு. ஆழமாக இறங்கிச் சுருக்கம் தரும் கதிருக்கு, டப்பாவில் பிஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை கூட்டல் குறி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த களிம்பாகக் கேளுங்கள். அந்த நிறம் இரும்பு ஆக்சைடு. கோயில் மதிலில் அடிக்கிற காவியும் அதுதான். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கூட்டும், அதையும் அது தடுக்கும். துத்தநாகப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து நாமே செய்துகொள்ளலாமா என்கிறார்கள். வேண்டாம். திட்டுத் திட்டாக நிற்கும். நடுவில் விட்ட இடமெல்லாம் வெந்துபோகும்.

ஞாயிறுதோறும் சூரியனார்கோயிலுக்குப் போகிற பெரியவர் ஒருவர், தெய்வத்திடமிருந்து ஒளிந்துகொள்வதா தம்பி என்று வருத்தப்பட்டார். சூரியன் மனைவி சம்ஞையே அவன் சூடு தாங்காமல், சாயாவைத் தன் இடத்தில் நிறுத்திவிட்டுப் போனவள்தானே ஐயா என்றேன். பிறகு மாமனார் விசுவகர்மா மருமகனைச் சாணையில் பிடித்து ஒளியைக் குறைத்தார். நிழல் அவன் வீட்டுக்காரி. அவளிடம் போய் ஒதுங்குவது அவனுக்கு எப்படி அவமரியாதையாகும்? நம் நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரமெல்லாம் கடுமையான நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் கும்பிடுவதில் ஒரு குறையும் இல்லை.

நேரம் பார்த்து ஒதுங்க முடியாதவர்கள் இருக்கிறார்கள். குறுவை நடவில் புடவைக்கு மேல் ஆம்பிளைச் சட்டையை முழுக்கையாகப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக் குனிந்து நிற்கும் பெண்களுக்கு அந்தச் சட்டைதான் எந்தக் களிம்பையும்விட நல்ல காப்பு. சேற்றுத் தண்ணீரில் பட்டு மேலே திரும்பும் வெயில் முகத்தில் அடிப்பதற்குத்தான் களிம்பு வேண்டும். அவர்கள் கூலிக்கு அந்த ட்யூப் கட்டுப்படியாகாது. பக்கத்தில் குடோன் வைத்திருக்கும் மிராசுதாரிடம், நடவை விடியலிலேயே ஆரம்பித்துப் பத்து மணிக்குக் கரையேற்றிவிடுங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். கூலியில் பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்டார்.